ஜில்லா போர்டு போட்ட ரயில்

மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்கு 1894ல் ரயில் ஓடத் தொடங்கியது. 54 மைல் பாதை. அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்காரர்கள் வண்டியை ஓட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பாதை போர்டின் சொத்து, வருமானத்தில் பங்கும் போர்டுக்கு. சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா போர்டு இப்படிச் சொந்தமாக ரயில் வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. பத்து வருஷத்துக்குள் அதே பாதை எங்கள் பட்டுக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து அறந்தாங்கிவரை போய்விட்டது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் இந்தக் கதை முழுமையாகும். ஜில்லாவில் நிலம் வைத்திருந்தவர்கள் கட்டிய தீர்வையில் ரூபாய்க்கு 3 தம்பிடி வீதம் ரயிலுக்கென்று தனியாக வசூலித்தார்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. 100 ரூபாய் தீர்வை கட்டுகிற மிராசுதார் ரயிலுக்காக 1 ரூபாய் 9 அணா கூடுதலாகக் கட்டினார். அதை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்துப் பாதை போட்டார்கள். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பட்டுக்கோட்டைப் பக்கம் வந்தது மேட்டூர் அணை கட்டி முடித்த 1934ஐ ஒட்டித்தான். அதற்கு முப்பது வருஷம் முன்னால், வானம் பார்த்த பூமியாகக் கிடந்த எங்கள் தாலுகாவுக்கு ரயில் வந்துவிட்டது.

வரும் உள்ளாட்சித் தேர்தலில் மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு நான் நிற்கப் போகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். என் அப்பா ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருடைய அப்பா போர்டு ரோட்டில் மேஸ்திரி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சாப்பிட்ட சோற்றில் இரண்டு தலைமுறைச் சோறு போர்டு போட்டது.

ஓட்டுக் கேட்டுப் போவதற்கு முன்னாலேயே ஊரில் பேச்சு பரவிவிட்டது. மாவு மில்லில் காத்திருந்தபோது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கேட்டாள்.

“டீச்சர், நீங்க ஜெயிச்சா எங்க தெருவுக்கு லைட்டு வந்துருமா?”

“தெரு லைட்டு பஞ்சாயத்து பிரசிடெண்ட் பாத்துக்கணும்மா.”

“அப்ப ரோடு?”

“உள் ரோடு யூனியன். மெயின் ரோடுன்னா ஹைவேஸ்.”

“ஆஸ்பத்திரி?”

“அது சுகாதாரத் துறை.”

“அப்பறம் உங்களுக்கு என்னதான் டீச்சர் வேலை?”

அவள் வெகுளியாகத்தான் கேட்டாள். நியாயமான கேள்வி. மாவட்ட ஊராட்சிக்கு நிற்கிற ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அவளுக்கு அன்று சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் பழைய கதையை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

ரோட்டிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1866ல் சென்னை மாகாணத்தில் ரோட்டு செஸ் என்று ஒரு வரி போட்டார்கள். நிலத்தீர்வையோடு சேர்த்து வசூலித்து அந்தந்த ஜில்லாவின் ரோட்டுக்கே செலவழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1871ல் வந்த லோக்கல் ஃபண்டு சட்டம் அதை விரித்தது. ரோட்டோடு பள்ளிக்கூடம், தர்மாஸ்பத்திரி, அம்மை குத்துதல், சத்திரம், சந்தை எல்லாம் அந்த நிதிக்குள் வந்தன. லோக்கல் ஃபண்டு என்ற பெயர் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களின் வாயில் ரொம்ப நாள் இருந்தது. கணக்குத் தணிக்கைக்கு வருகிறவர்களை ‘லோக்கல் ஃபண்டு ஆடிட்’ என்று பஞ்சாயத்து ஆபீசில் இன்றும் சொல்கிறார்கள்.

1882 மே மாதம் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து 1884ல் சென்னை உள்ளாட்சிச் சட்டம் வந்தது. ஜில்லாவுக்கு ஒரு போர்டு, அதன் கீழே தாலுகா போர்டு, பெரிய ஊர்களுக்கு யூனியன். இங்கிலாந்தில் கவுண்டி கவுன்சில்களுக்கு வழிசெய்த சட்டம் 1888ல்தான் வந்தது, அவற்றுக்கு முதல் தேர்தல் 1889ல் நடந்தது. அங்கே கவுண்டி என்றால் என்னவோ அதுதான் இங்கே ஜில்லா. காகிதத்தில் பார்த்தால் நாம் நாலு வருஷம் முந்தி. ஆனால் அங்கே ஜனங்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினரை அனுப்பினார்கள். இங்கே கலெக்டர்தான் தலைவர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் சர்க்கார் நியமித்த மிராசுதார்கள், வக்கீல்கள். தாலுகா போர்டுக்காரர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து மேலே அனுப்பலாம். ரோட்டில் வண்டி ஓட்டிப் போகிறவனுக்கு அதில் குரல் கிடையாது.

இருந்தாலும் அந்த அமைப்பில் ஒரு பலம் இருந்தது. கஜானா அதனுடையது. நிலத்தீர்வையில் ரூபாய்க்கு ஓர் அணா வரைக்கும் செஸ் போடலாம். சுங்கச்சாவடியில் வண்டிக்கு வரி, ஓடத்துறைக் குத்தகை, சந்தைக் குத்தகை, பவுண்டில் அடைத்த மாட்டை மீட்கக் கட்டும் பணம், ரோட்டோரப் புளியமரங்களின் மகசூல் ஏலம் என்று அரையணா, காலணாவாக வந்து சேரும். அந்தச் சில்லறைதான் ரோடாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனது. திருச்சிக்கு வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினதும் ‘நம்பர் ஒன் டோல்கேட்’ என்று ஒரு நிறுத்தம் இருக்கிறதே, கோயம்புத்தூரில் ‘சுங்கம்’ என்று ஓர் இடம் இருக்கிறதே, சாவடி போன பிறகும் பெயர் மட்டும் நின்றுவிட்ட இடங்கள் அவை. 1931ல் மோட்டார் வண்டி வரிச் சட்டம் வந்தபோது மோட்டார்களுக்குச் சாவடியில் வாங்கும் வரியை எடுத்துவிட்டு, போர்டுகளுக்கு ஈடாக மானியம் தந்தார்கள். தானே வசூலித்த பணம் போய், மேலே கை நீட்டி வாங்கும் பணம் வந்தது. போர்டின் கை தளரத் தொடங்கியது அங்கேதான் என்பது என் எண்ணம்.

தாத்தாவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெல்டாவில் கல் கிடையாது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான் எங்கள் மண். மழை விழுந்தால் வண்டிச் சக்கரம் அச்சுவரைக்கும் புதையும். ரோடு போட வேண்டுமென்றால் திருச்சிப் பக்கத்திலிருந்து கருங்கல் வர வேண்டும், இல்லாவிட்டால் வல்லம் மேட்டிலிருந்து செம்புரைக்கல் வர வேண்டும். கப்பியை உடைத்துப் பரப்பி, மேலே கிராவல் போட்டு, தண்ணீர் தெளித்து, மாடு பூட்டிய கல் உருளையை உருட்டி இறுக்குவார்கள். கல் உடைக்கிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். மேஸ்திரிக்குத் தன் எல்லைக்குள் இருக்கும் மைல் கல், மதகு, புளியமரம் எல்லாம் மனப்பாடம். எந்த மரம் எந்த வருஷம் காய்க்காமல் போனது என்றுகூடத் தாத்தா சொல்வார். 1952 நவம்பர் புயலில் தஞ்சாவூர் ஜில்லாவே சாய்ந்து கிடந்தபோது, விழுந்த மரங்களை வெட்டி வழி திறக்கத் தன் ஆட்களோடு போனவர் பல நாள் கழித்துத்தான் வீடு திரும்பினாராம். யார் உத்தரவிட்டார் என்று அவரைக் கேட்டால் புரியாது. அது அவருடைய ரோடு.

தேர்தல் என்று ஒன்று நிஜமாகவே வந்தது 1920 சட்டத்துக்குப் பிறகு. உறுப்பினர்களில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றானது. 1930ல் நியமனமே எடுபட்டது. தாழ்த்தப்பட்டோருக்கும் சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். 1934ல் தாலுகா போர்டுகளைக் கலைத்துவிட்டு, அவற்றின் வேலையையும் ஜில்லா போர்டிடம் சேர்த்தார்கள். வரி கட்டுகிறவருக்கே ஓட்டு. என் அப்பாயி தேர்தல் சமயத்தில் வில்வண்டி கட்டிக்கொண்டு வேட்பாளர்கள் வந்ததைச் சொல்வார். திண்ணை வைத்த வீடுகளில் மட்டும் இறங்குவார்களாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த சேரிக்கு வண்டி திரும்பினதே இல்லையாம். ரோட்டுக்குக் கப்பி போடுகிறேன், எலிமெண்டரி ஸ்கூலில் இன்னொரு வகுப்பு சேர்க்கிறேன், டிஸ்பென்சரி கொண்டுவருகிறேன் என்பதுதான் வாக்குறுதி. அவையெல்லாம் போர்டால் செய்ய முடிந்த காரியங்கள். பொய் சொன்னால் அடுத்த தேர்தலில் பிடித்துக்கொள்ளலாம். அப்பாயிக்கு ஓட்டு இல்லை; அவர் பெயரில் நிலம் இல்லை.

போர்டுத் தலைவரை ஊரில் ‘பிரசிடெண்ட்’ என்றே சொல்வார்கள். மந்திரியைவிடப் பிரசிடெண்டுக்குத்தான் மரியாதை அதிகம். கலெக்டருக்குச் சமமாக உட்கார்ந்து பேசக்கூடிய ஒரே உள்ளூர் மனுஷர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதை நியாயமாகப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள். இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் ஏ.டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சிக்காரர், 1920களின் பிற்பகுதியில் தஞ்சாவூர் போர்டின் தலைவர். தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி, நிலம் எழுதி வைத்திருந்தார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம், கடற்கரையோரம் ராஜாமடம் சத்திரம் எல்லாம் அப்படி வந்தவை. 1855ல் அந்த வம்சம் முடிந்தபின் அவை சர்க்காரிடம் வந்து, பிறகு லோக்கல் ஃபண்டு நிர்வாகத்துக்குப் போயின. ஆக, ராஜா விட்டுப்போன தர்மம் போர்டின் கையில். அந்தப் பணத்தில் திருவையாற்றில் ஒரு சமஸ்கிருதக் கல்லூரி நடந்தது. மாணவர்களுக்கு இலவசச் சாப்பாடும் தங்கும் இடமும் ஒரு சாதிக்கு மட்டுமே என்பது வழக்கமாக இருந்தது. பன்னீர்செல்வம் திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் படிக்க வழி செய்தார். ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் விடுதிகளைப் பிராமணரல்லாத பிள்ளைகளுக்கும் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார். இதற்காகப் புதிதாக ஒரு வரி போடவில்லை, மேலே கை நீட்டவுமில்லை. தன்னிடம் ஏற்கெனவே இருந்த பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதை மாற்றினார். எங்கள் பக்கத்தில் முதல் தலைமுறையாகப் படித்து வாத்தியாராகவும் கிராம முன்சீப்பாகவும் வந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த விடுதிச் சோறு சாப்பிட்டவர்கள். 1940 மார்ச் 1ஆம் தேதி லண்டனுக்குப் பயணமான விமானம் ஓமான் வளைகுடாப் பக்கம் காணாமல் போனதில் அவர் இறந்தார்.

இன்னொருவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர். சென்னைப் பாண்டி பஜாருக்கு அவர் பெயர்தான் இருக்கிறது என்பது அங்கே துணி எடுக்கப் போகிறவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் தனியார் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது ஜில்லா போர்டு. பஞ்சமர்களை ஏற்றமாட்டோம் என்று பஸ்காரர்கள் பயணச்சீட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று சௌந்தரபாண்டியன் உத்தரவு போட்டார். பஸ்கள் ஏற்றிக்கொண்டன.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது 1924ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம். பொது ரோடு, பொதுக் கிணறு, பொதுக் குளம் எல்லாருக்கும் உரியவை என்றது அது. செஸ் பணத்தில் வெட்டிய கிணறு எப்படி ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தமாகும்? தீர்மானம் நிறைவேறியது. கிராமத்தில் அது நடப்புக்கு வர எத்தனை அடிதடி நடந்தது என்பது தனிக் கதை. எங்கள் ஊர் போர்டு கிணற்றில் எல்லாரும் தண்ணீர் எடுத்ததை நானே பார்த்தது 1970களில்தான்.

பள்ளிக்கூடங்களைச் சொல்லாமல் போர்டைப் பற்றிப் பேச முடியாது. போர்டு ஹைஸ்கூல் என்ற பெயர் ஜில்லா முழுக்க இருந்தது. பண்ணையார் வீட்டுப் பிள்ளை கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ போய்ப் படிக்கும். மற்றவர்களுக்கு போர்டு ஹைஸ்கூல். திருக்குவளையிலிருந்து வந்து திருவாரூர் போர்டு ஹைஸ்கூலில் சேர்ந்த ஒரு பையன் பின்னாளில் ஐந்து முறை முதலமைச்சர் ஆனார். தன்னைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கமலாலயம் குளத்தில் விழுந்துவிடுவேன் என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னதைக் கலைஞரே எழுதியிருக்கிறார்.

என் அப்பா அப்படியொரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். போர்டின் குறைகளை அவர் வாயால்தான் கேட்டேன். சம்பளம் மாதம் தவறி வரும். வாத்தியாரை நியமிப்பது, மாற்றுவது எல்லாம் தலைமைப் பதவியில் இருப்பவர் விருப்பம். எந்த உறுப்பினரின் ஆள், எந்தச் சாதி, எந்தக் கட்சி என்று பார்த்து மாற்றல் போடுவார்கள். தேர்தலில் எதிராளிக்கு வேலை செய்தார் என்று சந்தேகப்பட்டு ஒரு சக ஆசிரியரை ஜில்லாவின் மறுகோடிக்குத் தூக்கியடித்ததை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ரோடு கண்டிராக்டிலும் இதே கதைதான். மிராசுதார்கள் கையில் இருந்த சபை, மிராசுதார் வயலுக்குப் போகும் ரோட்டை முதலில் போட்டது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வராது.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாருக்கும் ஓட்டு வந்தது. ஓட்டு வந்த கொஞ்ச வருஷத்திலேயே போர்டு போய்விட்டது. 1958ல் காமராஜர் ஆட்சியில் ஊராட்சிச் சட்டமும் மாவட்ட வளர்ச்சி மன்றச் சட்டமும் வந்தன. 1960, 1961ல் பஞ்சாயத்து யூனியன்களைக் கட்டம் கட்டமாக அமைத்து, ஜில்லா போர்டுகளை எடுத்துவிட்டார்கள். எலிமெண்டரி ஸ்கூல் யூனியனுக்குப் போனது. ஹைஸ்கூல், ஆஸ்பத்திரி, பெரிய ரோடு எல்லாம் சர்க்கார் துறைகளுக்குப் போயின. ஜில்லா அளவில் மிஞ்சியது வளர்ச்சி மன்றம். கலெக்டர் தலைமையில் கூடி ஆலோசனை சொல்லும் சபை. அதனிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை.

அப்பா சந்தோஷப்பட்டார். முதல் தேதி சம்பளம், பென்ஷன், இஷ்டத்துக்கு மாற்றல் இல்லை. ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அனுபவித்தவள் நான். கிராமங்களில் பள்ளிக்கூடம் பெருகியதும், மதிய உணவு வந்ததும் காமராஜர் காலத்தில்தான். அதையெல்லாம் மறுக்கமாட்டேன். ஆனால் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டோம். ஜில்லாவின் வரவு செலவை ஜில்லாவிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உட்கார்ந்து வாதாடி முடிவு செய்யும் இடம் இல்லாமல் போனது. சாதி பார்த்து மாற்றல் போடுவதை விதிகளை எழுதித் தடுத்திருக்கலாம். மிராசுதார் ஆதிக்கத்தை எல்லாருக்கும் வந்த ஓட்டே உடைத்திருக்கும். சபையையே எடுத்தது அந்த நோய்க்கு மருந்தாகாது.

முப்பத்தைந்து வருஷம் அப்படியே போயிற்று. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996 அக்டோபரில் தேர்தல். மாவட்ட ஊராட்சி என்ற பெயரில் ஜில்லா சபை திரும்பி வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். 2016க்குப் பிறகு சட்டப்படி பாதி. அப்பாயிக்குக் கிடைக்காத ஓட்டு மட்டுமல்ல, நாற்காலியும் இப்போது பெண்ணுக்கு உண்டு. இது சாதாரண விஷயமில்லை.

பெயர் வந்தது, கஜானா வரவில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சிக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநில நிதிக்குழு ஒதுக்குகிற மானியம்தான் வருமானம். பத்திரப்பதிவில் வசூலாகும் மேல்வரி கிராம ஊராட்சிக்கும் ஒன்றியத்துக்கும் போகிறது. மாவட்ட ஊராட்சிக்குச் சொந்த ரோடு இல்லை, பள்ளி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. மானியம் வந்தால் உறுப்பினர்கள் வார்டுவாரியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு சிமெண்டுத் தளமோ சுற்றுச்சுவரோ கட்டுகிறார்கள். நான் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தபோது, கடற்கரை ஊர் ஒன்றுக்கு மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் போக முடியாதபடி ஒரு மதகு உடைந்து கிடந்தது. அந்த மதகு யாருடையது என்று கண்டுபிடிப்பதற்கே ஓர் ஆபீசிலிருந்து இன்னோர் ஆபீஸுக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். தாத்தா காலத்தில் அதற்கு மேஸ்திரி என்று ஒருவர் இருந்தார்.

இருக்கிற சபையையும் ஒழுங்காக இருக்க விடுவதில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்கள் கையில் விட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தாலுகாக்களில் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. எங்கள் தோப்பில் நின்ற மரங்களை விரல் விட்டு எண்ணலாம். மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அன்று ஒரு கிராமத்தில்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர் இல்லை. எந்தத் தெருவில் எத்தனை வயதானவர்கள் இருக்கிறார்கள், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்று தெரிந்தவர்களுக்கு ஒரு பதவியும் இல்லை. 2019 டிசம்பரில்தான் எங்கள் மாவட்டத்தில் தேர்தல் நடந்தது. அந்தச் சபையின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. பக்கத்திலே கேரளத்தைப் பாருங்கள். அதே 73ஆவது திருத்தம்தான். 1990களின் நடுவில் அவர்கள் மாவட்ட ஆஸ்பத்திரியையும் அரசு உயர்நிலைப் பள்ளிகளையும் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பில் விட்டார்கள். 1996ல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மலபார் பக்கம் நம்மோடு ஒரே சென்னை மாகாணத்தில், ஒரே ஜில்லா போர்டுச் சட்டத்தின் கீழ் இருந்த இடம். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

ஆகவே நான் நிற்பதற்கான காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். தெரு விளக்கு போடுவேன் என்று சொல்லமாட்டேன். அது என் கையில் வராது. மாவட்ட ஊராட்சிக்கு வருகிற மானியம், செய்த வேலை, வேலை எடுத்த கண்டிராக்டர் பெயர், கொடுத்த தொகை எல்லாவற்றையும் தமிழில் எழுதி, வார்டில் உள்ள எல்லா ரேஷன் கடை வாசலிலும் ஒட்ட வைப்பேன். மானியத்தை வார்டுவாரியாகத் துண்டு போடுவதை எதிர்ப்பேன். பணத்தைச் சேர்த்து மாவட்டம் முழுவதற்கும் பயன்படும் ஒரு காரியம் செய்யலாம். என் மனதில் இருப்பது, பட்டுக்கோட்டையில் கல்லூரிக்கு வருகிற கடற்கரைக் கிராமத்துப் பெண்களுக்கு ஒரு விடுதி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்பதற்காகப் படிப்பை நிறுத்திய பெண்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும், அவர்களில் பலர் என் மாணவிகள். சத்திரச் சொத்துகளின் வருமானம் இன்றைக்கும் கலெக்டர் ஆபீசில் சத்திரம் நிர்வாகம் என்ற தனிப் பிரிவில் இருக்கிறது. ஒருகாலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பணம். அது இன்று எங்கே, எதற்குச் செலவாகிறது என்று முதல் கூட்டத்திலேயே கேட்பேன். பத்திரப்பதிவு மேல்வரியில் மாவட்ட ஊராட்சிக்கு ஒரு பங்கு வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்வேன். தீர்மானத்தால் மட்டும் பணம் வராது என்பது தெரியும். எல்லா மாவட்டமும் ஒரே தீர்மானத்தைப் போட்டால் சென்னை காது கொடுத்தே ஆக வேண்டும்.

முத்துப்பேட்டை ரயிலுக்கு வருவோம். மீட்டர் கேஜாக ஓடிய பாதையை அகலப்படுத்த மூடினார்கள், வருஷக்கணக்கில் மூடியே கிடந்தது. மாயவரத்திலிருந்து திருவாரூருக்கு 2012ல் அகலப் பாதை திறந்தது. திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடிவரை ரயில் திரும்ப ஓடியது 2019ல். 1894ல் போர்டு தன் பணத்தில் போட்ட பாதைக்கு, அது மூடிக் கிடந்த காலமெல்லாம் எங்கள் வர்த்தகர்களும் பயணிகளும் டில்லிக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மாவட்ட ஊராட்சிக்கு ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு யார் வந்தாலும், நானே வந்தாலும், மூன்று விஷயம் கேளுங்கள். இந்தச் சபைக்குப் போன வருஷம் எவ்வளவு பணம் வந்தது, அது எதற்குப் போனது, அதற்குச் சொந்த வருமானம் வர நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.